ரொட்டியக்கா சுவிட்சுக்குக் காவல் நின்ற கதை

எங்கள் கட்டடத்தின் மாடிப்படிகளைக் கழுவ ஓர் அம்மா வருவார். ரொட்டியக்காவுக்கு அவர்மேல் நல்ல எண்ணமே கிடையாது. மூலையில் விளக்குமாறு படுவதே இல்லை, தண்ணீரைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாள் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த அம்மா வருகிற நாளில், ஓவனிலிருந்து பன் தட்டை வெளியே இழுக்கும்போது ஒரே ஒரு பன்னை மட்டும் உள்ளேயே விட்டுக் கதவை மூடுவார். அதன் மேல்தோல் கறுத்ததும் எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் படியில் வைப்பார். "கருகிப்போச்சு, விக்க முடியாது. வேணும்னா தின்னு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே அந்தப் பன் பஞ்சு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் நான் பக்கத்தில் நின்றதால், ஒன்று உள்ளேயே இருக்கிறதே அக்கா, மறந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். என் வேலையைப் பார்க்கச் சொன்னார். விடாமல் கேட்டதற்கு, நல்ல பன்னாகக் கொடுத்தால், நம்மிடம் இவளுக்கு என்னவோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அந்த அம்மா நினைப்பாளாம். "நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன்" என்றார்.

ரொட்டியக்கா அப்படிப்பட்டவர். எதிர்வீட்டில் இருந்தார். சொந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முன்னால் ரொட்டியக்கா, முதுகுக்குப் பின்னால் சிஐடி. இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியும். யார் வைத்தது என்றும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

முட்டை வாங்கப் போனால் கடையிலேயே ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, மிதக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார். மாவு டப்பாவில் மாவின் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். நல்லா இருக்கீங்களா என்று யாராவது கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். எனக்குக் கடவுள் பக்தி கொஞ்சம் அதிகம். எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்கிற பழக்கம் உண்டு. உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன் அக்கா என்று ஒருமுறை சொன்னேன். அவர் மாவு பிசைவதை நிறுத்திவிட்டு, "என்னன்னு வேண்டிக்கிட்டே?" என்று கேட்டார்.

நமக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு அப்படி இல்லை. மகன் பிறந்து பல் முளைப்பதற்குள், சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு போன கணவர் திரும்பி வரவே இல்லை. செத்தும் போகவில்லை. வேறு ஊரில் வேறு குடும்பமாக இருக்கிறார் என்று பிறகு தெரிந்ததாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே. "அன்னிக்கு அவரு முகத்துல ஒண்ணுமே தெரியல. அதான் எனக்கு ஆறவே இல்ல. நான் நல்லாப் பார்க்கலையோன்னு." அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் நன்றாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

பேக்கரி ஒன்றில் தட்டுக் கழுவப் போய், மாவு பிசையக் கற்று, மகனை வளர்த்தார். இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்ததே அந்த ஓவனுக்காகத்தான். முன்பு குடியிருந்தவர்கள் சமையலறை அலமாரியோடு சேர்த்துப் பொருத்திவிட்டுப் போன பெரிய மின்சார ஓவன் அது. பிளக் கிடையாது, பக்கத்தில் சுவிட்சும் கிடையாது. வயர் நேராகச் சுவருக்குள் போகும். அதில்தான் வீட்டிலிருந்தபடியே ரொட்டியும் பன்னும் சுட்டுப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார்.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். அமைதியான பெண். எதிர்வீட்டுக்காரியான என்னையும் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அவள் அப்பா இஸ்திரிப் பெட்டி, மிக்சி எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கடையிலேயே வளர்ந்ததால் அவளுக்கும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும். வேறு மாமியாராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். "சரிபண்ணத் தெரிஞ்சவளுக்குக் கெடுக்கவும் தெரியுமில்ல" என்றார் ரொட்டியக்கா. ஓவன் பக்கம் அவளை விடவே இல்லை.

இந்த நிலையில் மகனுக்கு வேறு ஊருக்கு வேலை மாறியது. புது வீடு கிடைத்ததும் போக வேண்டும். அம்மாவும் கூட வருவதாகத்தான் மகன் பேசினான். ஆனால் ரொட்டியக்கா அதை நம்பவில்லை. மருமகள் அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினாள். மாமியார் கதவைத் திறந்தால் சட்டென்று பேச்சை முடித்துக்கொள்வாள். இதை ரொட்டியக்கா எனக்குச் சொல்லி, நானும் கவனித்தேன். உண்மைதான். கதவுக்குப் பின்னால் நின்று ஒருநாள் நானே கேட்டேன். "அவங்களால முடியாதுங்க, வயசானவங்க" என்ற ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது.

அதைப் போய் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். முகம் அப்படியே இறுகிவிட்டது.

"பார்த்தியா? ஹோம்ல பேசறா. முதியோர் இல்லத்துல. என்னைச் சேர்த்துட்டுப் போகப் போறாங்க. அவனுக்கு இன்னும் தெரியாது. கடைசி நாள்ல சொல்லுவா, அவனும் தலையாட்டுவான்."

அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னேன். ஆனால் என் குரலிலேயே பலமில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரே பக்கம் கையைக் காட்டுவதாகவே தோன்றியது. மருமகள் அட்டைப்பெட்டி வாங்கி வந்தால் சந்தேகம். வாங்காமல் இருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

அந்தச் சமயம் பார்த்து ரொட்டியக்காவின் தங்கை வீட்டில் ஒரு காரியம் வந்தது. போய்த் தங்கிவிட்டு வரவேண்டும். கிளம்பும் முன் என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய் ஓவன் கதவைத் திறந்து காட்டினார். அடியில் வளைந்து கிடக்கும் அந்தத் தடித்த கம்பியை நாங்கள் காயில் என்போம். அதற்கும் கீழே, ஓவன் தரையில், அலுமினியத் தாளைச் செருகி விரித்திருந்தார். ஓரங்களைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து அழுத்தியிருந்தார்.

"நான் இல்லாதப்ப இவ ஓவனைத் தொடுவா. தொட்டா ஒரு ரொட்டித் துணுக்காவது கீழ விழும். விழுந்தா இதுல தெரியும்" என்றார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓவனைப் போய்ப் பார்த்தார். தாளில் ஒன்றுமே இல்லை. சும்மா இருந்துவிடவேண்டியதுதானே. "துடைச்சு வச்சிருக்கா" என்றார். இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும், பிடித்துவிடலாம் என்று தாளை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை அதன் மேலேயே ஓவனை மூட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே பொறி பறந்து, டப்பென்று ஒரு சத்தம். பிறகு அடிச்சூடு இல்லை. பன்களின் மேல் மட்டும் சிவந்து, அடி வெளுத்துப் பச்சை மாவாகக் கிடந்தது.

"நான் ஊருக்குப் போறவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று கேட்டார் மகனிடம், மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. என்னிடம் வந்து மீதியையும் சொன்னார். ஓவன் போனால் வேலை போச்சு. வேலை போனால், இனி அம்மாவுக்கு இங்கே என்ன இருக்கிறது, நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்று பேச்செடுக்க வசதி. அதற்குத்தான் அவள் ஏதோ செய்து வைத்திருக்கிறாள். காரணகாரியம் எல்லாம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. நானும் நம்பினேன். அடியில் கிடக்கும் தாள் எங்கள் இரண்டு பேர் நினைவிலும் இல்லை.

மருமகள் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, மூடி, பழைய மாடல், புதுசாக வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரொட்டியக்கா அவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்து, "இவனுக்கும் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கா" என்று என் காதில் சொன்னார்.

அப்போதுதான் மருமகள், காயில்தான் போயிருக்கும், ரெண்டு ஸ்க்ரூதான், நானே மாற்றித் தருகிறேன் அத்தை என்றாள். ரொட்டியக்கா யோசித்தார். வேண்டாம் என்றால் ஓவன் கிடையாது. சரி என்றால் இவள் கையை உள்ளே விடவேண்டும். கடைசியில், செய், ஆனால் நான் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன் என்றார். சாட்சிக்கு என்னையும் வரச் சொன்னார்.

காயில் வாங்க மூன்று பேருமாகப் போனோம். ஓவன் கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை மருமகள் படம் பிடித்து வைத்திருந்தாள். கடைக்காரர் அதைப் பார்த்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். ரொட்டியக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருக்கிற டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறதே என்றார். கம்பியை மோந்து பார்த்தார். மீட்டர் வைத்துக் காட்டச் சொன்னார். கடைக்காரர் காட்டினார். முள் அசைந்தது. அந்த மீட்டர் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

கடைக்காரர் பொறுமைசாலி. "அம்மா, நீங்க முன்னாடி போலீஸ்ல இருந்தீங்களா?" என்றார்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொட்டியக்கா திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள், மகன் வேலைக்குப் போனபின், வேலை ஆரம்பித்தது. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் உரிய சுவிட்சுப் பெட்டிகள் படிக்கட்டுச் சுவரில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் எந்த வீடு என்று எழுதி ஒட்டியிருக்கும். மருமகள் வெளியே போய் அவர்கள் வீட்டு சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, குளிர்பெட்டியின் உறுமல் அடங்கியது. கையில் ஸ்க்ரூ டிரைவருடன் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"எங்க, அதைத் திற" என்றார் ரொட்டியக்கா.

கதவைத் திறந்தாள். ஓவனுக்குள் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். வீட்டில் வேறு எதிலும் மின்சாரம் இல்லை. அது மட்டும் எரிகிறது. ஆண்டவனே என்று வாய்விட்டுச் சொன்னேன். மருமகள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முன்பு இருந்தவர்கள் ஓவனுக்கு வேறு எந்தப் பெட்டியிலிருந்தோ தனி லைன் இழுத்திருக்கிறார்கள். அது எந்தப் பெட்டி என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

"ஒட்டியிருக்கிறதை நம்பினா இப்ப என்ன ஆயிருக்கும்?" என்றார் ரொட்டியக்கா. குரலில் வெற்றி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நடுங்கியது.

நேரே படிக்கட்டுக்குப் போய், எந்த வீடு என்று பார்க்காமல் வரிசையாக எல்லாப் பெட்டிகளின் சுவிட்சையும் அணைத்தார். உள்ளேயிருந்து நான், அணைந்துவிட்டது அக்கா என்று கத்தினேன். திரும்பி வந்தவர் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். அந்த நிற்பின் அர்த்தம் எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. கட்டடம் முழுக்க மின்சாரம் இல்லை. யாராவது ஒருவர் வெளியே வந்து, சுவிட்சு இறங்கியிருக்கிறதே என்று தூக்கிவிட்டால் போதும். அங்கே ஆள் நிற்க வேண்டும். அங்கே போய் நின்றால், இவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று பார்க்க முடியாது.

நான் போய் நிற்கிறேன் அக்கா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாராவது சிரிச்சுக் கேட்டா கதவையே திறந்து விட்டுருவே" என்றார். அதுவும் உண்மைதான்.

மருமகள் தலையைத் தூக்கவில்லை. "நீங்க எங்க வேணும்னாலும் நில்லுங்க அத்தை. நான் ஆரம்பிக்கலாமான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

ரொட்டியக்கா அவள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே நாங்கள் இரண்டு பேர். மருமகள் தட்டுகளை உருவி வெளியே வைத்தாள். பின்சுவரில் காயிலைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டாள். காயிலை மெதுவாக முன்னால் இழுத்ததும் அதன் வாலைப் பிடித்தபடி இரண்டு வயர்கள் வந்தன. விட்டால் சுவருக்குள் ஓடிவிடும், அப்புறம் ஓவனையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, துணி கிளிப்பை மாட்டி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் பிரார்த்தனையைத் தொடங்கினேன்.

காயில் லேசில் வரவில்லை. அடியில் எதுவோ பிடித்து இழுத்தது. அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கையை விட்டு எதையோ பிய்த்தாள். வெளியே எடுத்தபோது அது அலுமினியத் தாள். கறுத்துப்போய், ஒரு இடத்தில் உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. ஒட்டிய அதே இடத்தில்தான் காயிலின் தோல் வெடித்து உள்ளே வெள்ளையாகப் பொடி தெரிந்தது. தாள் கம்பியில் பட்டதும் சூடு போக வழியில்லாமல் அங்கேயே தங்கி வெடித்திருக்கிறது என்றாள், அப்பா கடையில் சொல்வதுபோல.

பிறகு தாளின் ஓரத்தைப் பார்த்தாள். கொசுவம் மாதிரி மடிப்பு. அந்த வீட்டில் ரொட்டிக்கு அடியில் காகிதம் போட்டால் அப்படி மடிப்பவர் ஒரே ஒருவர்தான். எதற்காக அதை அங்கே விரித்தார் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சித்தி, உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். நான் கிளிப்பைப் பார்த்தேன்.

அவள் தாளைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. அத்தனை நாளும் வாங்கிய குத்தல் பேச்சுக்கெல்லாம் பதில் அவள் கையில் இருந்தது. வெளியே போய் நீட்டினால் போதும். அவள் அதைத்தான் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். 

அப்போதுதான் படிக்கட்டில் சத்தம். மேல்வீட்டுத் தையல்காரர் இறங்கி வந்திருக்கிறார். பாதி தைத்த கால்சட்டையோடு அவர் மிஷின் நின்றுபோயிருக்கிறது. யாரு சுவிட்சை இறக்கினது, நகருங்கம்மா, கஸ்டமர் உட்கார்ந்திருக்கார் என்கிறார். ரொட்டியக்காவின் குரல் கட்டடமே கேட்கும்படி எழுந்தது.

"உள்ள என் பொண்ணு கரண்டுல கைய வச்சிட்டு உட்கார்ந்திருக்கா. அவ வெளிய வர்ற வரைக்கும் எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாது. நீ வேணும்னா கால்சட்டையைக் கையால தைச்சுக்கோ."

தையல்காரர், என்ன பேச்சு பேசறீங்க, ஒரே ஒரு சுவிட்ச் என்று ஒரு படி இறங்கியிருப்பார் போல.

"தொட்டுப் பாரேன்" என்றார் ரொட்டியக்கா.

செருப்புச் சத்தம் மேலே ஏறிப் போனது.

மருமகள் அப்படியே நின்றாள். தாளைக் கசக்கினாள். குப்பைக் கூடையில் போட்டு, மேலே முட்டை ஓடுகளைத் தள்ளிவிட்டு, மறுபடி முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "கிளிப்பை இறுக்கிப் பிடிங்க சித்தி" என்றாள். பழைய வயர் முனைகளைத் துடைத்து, புதுக் காயிலில் செருகி, ஆடாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, உள்ளே தள்ளி ஸ்க்ரூவை முடுக்கினாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தாள். முடிந்தது அக்கா என்று நான்தான் வெளியே சொன்னேன்.

ரொட்டியக்கா உள்ளே வந்து அவள் இரண்டு கைகளையும் பார்த்தார். புறங்கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தார். பிறகுதான் போய்ச் சுவிட்சுகளைத் தூக்கிவிட்டார். ஓவனை மூட்டியதும் கொஞ்சம் புகை வந்தது. பழசுக்குப் பாலிஷ் போட்டு விற்றுவிட்டான் கடைக்காரன் என்றார். புதுக் காயில் முதல் தடவை அப்படித்தான் புகையும் அத்தை என்றாள். புகை நின்றது. கம்பி ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்து, முழுதும் சிவந்தது. ரொட்டியக்கா அதன் எதிரில் ஸ்டூலைப் போட்டு, அது அணையும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் வீட்டில் குப்பை, கிளறிப் பார்க்கப்படாமல் வெளியே போகாது. இது மருமகளுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்றோ. அன்று சாயங்காலம் ரொட்டியக்கா என் வீட்டுக்கு வந்து கதவைத் தாளிட்டார். கையில் பாலித்தீன் பைக்குள் அந்தத் தாள்.

"இதனாலதான் போச்சா?"

ஆமாம் அக்கா என்றேன்.

"அவ பார்த்தாளா?"

பார்த்தாள் என்றேன்.

"நான்தான் விரிச்சேன்னு?"

தலையாட்டினேன்.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனசு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மகனிடம் காட்டுவதற்கு வைத்திருக்கிறாளோ என்றார். உடனே அவரே, அப்படியென்றால் முட்டை ஓட்டுக்கு அடியில் ஏன் போடுகிறாள் என்றார். கவனிக்காமல் போட்டிருப்பாளோ என்றார். கசக்கிய விதத்தைப் பார்த்தால் அப்படியும் இல்லை. உங்கள் மனம் நோகக்கூடாதென்று நினைத்திருப்பாள் அக்கா என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒரு சின்னக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்கிட்ட அவ்வளவு பேச்சு வாங்கினவ, இதைக் கையில வச்சிக்கிட்டு ஏன் சும்மா இருந்தா? அதுக்கு ஒரு காரணம் இருக்கணுமில்ல?" பயந்துபோனவர் மாதிரி இருந்தது அவர் குரல். ஒரு மனுஷியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் தீர்ந்துபோய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தீர்ந்த பிறகு அவருக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை.

மறுநாள் காலை புது ரொட்டி ஆயிற்று என்று என்னைக் கூப்பிட்டார். மருமகள் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். மகன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ரொட்டியக்கா தாளைக் கொண்டுவந்து அவன் முன்னாலேயே மேசைமேல் வைத்தார்.

"இதை ஓவன்ல விரிச்சது நான். இவ ஓவனைத் தொடறாளான்னு பார்க்க விரிச்சேன். இதனாலதான் காயில் போச்சு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, அவன் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமில்ல? ஏன் சொல்லல?"

மருமகள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்கதான் வெளியே நின்னீங்களே அத்தை."

"நின்னா?"

"அவ்வளவுதான்."

மகன் ஒரு ஷூவோடு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். என்ன விஷயம்மா என்றான். உனக்கு ஒன்றுமில்லை, இன்னொரு ஷூவைப் போடு என்றார்.

ஆனால் கேட்க வந்ததை அவர் இன்னும் கேட்கவில்லை. எனக்கு அது தெரியும். ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், அவள் முகத்தைப் பார்க்காமல், படிக்கட்டில் நின்று யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார். அவங்களால முடியாது, வயசானவங்க என்று யாரிடம் சொன்னாய் என்றும் கேட்டார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"வீட்டுத் தரகர்கிட்ட. அந்த ஊர்ல எல்லாம் மாடி வீடாக் காட்டறார். அவங்களால படி ஏற முடியாது, முழங்கால் வலி, கீழ்வீடாப் பாருங்கன்னு சொன்னேன். உங்க எதிர்ல பேசினா, எனக்காக ஒண்ணும் பார்க்க வேணாம், நான் இங்கயே இருந்துக்கறேன்னு ஆரம்பிப்பீங்க. அதான்."

ரொட்டியக்கா கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு, வீட்டைக் கண்ணால் பார்க்காமல் நான் எதற்கும் தலையாட்டமாட்டேன், கீழ்வீடு என்றால் ஈரம் ஏறும் என்றார். மருமகள், சரி அத்தை, போய்ச் சுவரெல்லாம் தட்டிப் பாருங்கள் என்றாள். இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. அவரும் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.

அவர்கள் கிளம்பிய நாளில் லாரிக்காரன் கட்டிய முடிச்சுகளை எல்லாம் ரொட்டியக்கா அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். காரில் மருமகள் முன்னதாகவே ஏறி, அவருக்கு முதுகுக்குத் தலையணை வைத்து இடம் செய்துகொண்டிருந்தாள். நான் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது ரொட்டியக்கா என் கையைப் பிடித்து இழுத்து, காருக்குக் கேட்காத தூரத்துக்குக் கூட்டிப்போனார். ஒருமுறை திரும்பி, அவள் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். ஆனா இவ என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறான்னுதான் இன்னும் எனக்குப் பிடிபடவே இல்ல. கூடவே இருந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.